நகராத குமிழிகள்

மகள் ஆரபி தனியாக அறை எடுத்துப் போகப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து கனகாம்பிகைக்கு உறக்கம் போய்விட்டது.

ஆரபிக்கு இருபத்தேழு வயது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. பெரும்பாலும் விடிகாலையில், கண் விழிக்கிற நேரத்தில்தான் வரும். அதனால் அத்தனை வருடங்களாக மகள் விழிப்பதற்கு முன்பே தாய் விழித்துவிடுவாள். அறை வாசலில் நின்று மூச்சுச் சத்தம் கேட்பாள். சத்தம் கேட்காவிட்டால் உள்ளே போய் மூக்கருகே விரலை வைப்பாள். சில நாட்களில் அந்த விரல் பட்டுத்தான் மகளே எழும்புவாள்.

"அம்மா, நான் செத்துப்போனேனோ எண்டு பாக்கிறதுக்கு முதல் ஒருக்கா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்" என்று ஒருநாள் ஆரபி சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த கிழமை அறை பார்த்துவிட்டு வந்தாள். மெல்பேர்ண் நகருக்குள், வேலைக்குக் கிட்ட. கூட ஒரு சிநேகிதி.

கனகாம்பிகை தன் குருவிடம் போனாள்.

குருவின் பெயர் வாகீசன். அவளைவிட இருபது வயது இளையவர். முன்பு பஸ் ஓட்டியவர். இப்போது நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு பழைய மரவீட்டில் இருந்தார். சனி, ஞாயிறுகளில் பத்துப் பதினைந்து பேர் வந்து அவருடன் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரையும் போல அவளும் அவரை ஐயா என்றுதான் அழைப்பாள். மனம் பதறினால் மட்டும் தம்பி என்று வந்துவிடும். அவர் எப்போதும் அவளை அக்கா என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் இன்னும் வரவில்லை. அவள் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா, எனக்கு ஒரு சொல்லிலை சொல்லுங்கோ. அவளைப் போக விடலாமோ, விடக்கூடாதோ?"

வாகீசன் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது, அக்கா."

"நீங்களே தெரியாது எண்டால் நான் ஆரிட்டைப் போறது?"

"நாளைக்குக் காலமை நான் பிளாட்டிபஸ் பாக்கப் போறன். வாறீங்களோ?"

அவளுக்குக் கோபம் வந்தது. "என்ரை பிள்ளையைப் பற்றிக் கேக்கிறன். நீங்கள் மிருகம் பாக்கக் கூப்பிடுறீங்கள்."

"தெரியாத கேள்வி வந்தால் நான் ஆத்தடிக்குப் போறனான். வேறை வழி எனக்குத் தெரியாது."

அவள் அந்த இரவு அங்கேயே தங்குவதாக ஏற்பாடு. மகளை விட்டு அவள் தங்கிய முதல் இரவு அது. ஆரபிதான் பிடிவாதமாக அனுப்பி வைத்திருந்தாள். "எழும்பினவுடனை ஒரு மெசேஜ் போடுவன். போடாட்டில் ஓடி வாங்கோ" என்று சொல்லியிருந்தாள்.

விடிந்தும் விடியாமலும் அவர்கள் காரில் புறப்பட்டார்கள். கனகாம்பிகை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். செய்தி எதுவும் வரவில்லை. இன்னும் நேரம் ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாலத்தருகே காரை நிறுத்திவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்கும் பாதையில் கால் வைத்ததும் போனில் இருந்த கடைசிக் கோடும் மறைந்தது.

"ஐயா, இங்கை சிக்னல் இல்லை."

"ஓம். கீழை வராது."

"அவள் மெசேஜ் போட்டால்?"

"மேலை ஏறினதும் வரும்."

"போடாட்டில்?"

வாகீசன் நின்றார். "திரும்பிப் போவமோ, அக்கா? நீங்கள் சொன்னால் இப்பவே போவம்."

அவள் மேலே பாலத்தைப் பார்த்தாள். கீழே ஆற்றைப் பார்த்தாள். திரும்பிப் போய் பாலத்தில் நின்று போனை வெறித்துக்கொண்டிருப்பதை நினைத்தபோது அதுவும் தாங்காது என்று தோன்றியது.

"கொஞ்ச நேரம்தானே?"

"கொஞ்ச நேரம்தான்."

அது குளிர்காலத்தின் கடைசி. தண்ணீரின் மேல் வெள்ளைப் புகைபோலப் பனி அசைந்தது. பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று ஆற்றுக்குள் சரிந்து விழுந்து கிடந்தது. அதற்கு எதிரே, ஒரு பாறையின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"காலை நிலத்திலை அடிக்காதேங்கோ. நிலம் அதிர்ந்தால் அதுக்குத் தெரியும்" என்றார் வாகீசன்.

"எப்பிடி இருக்கும் அது?"

"பூனையளவு. வாத்தின்ரை சொண்டு. தட்டை வால். முட்டை போடும், குஞ்சுக்குப் பாலும் குடுக்கும்."

"தண்ணிக்குள்ள கண் நல்லாத் தெரியுமோ?"

"தண்ணிக்குள்ள போகேக்கை கண்ணை மூடிப்போடும். காதையும் மூக்கையும்கூட மூடிப்போடும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தையும் மூடிக்கொண்டோ? பிறகு எப்பிடிப் போறது?"

"சொண்டாலை எல்லாம் உணரும்."

"மூச்சு?"

"மேலை வந்து எடுத்துக்கொண்டுதான் போகும்."

அவள் சுவெற்றரின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். பனியினூடே எதையோ கண்டு, "அங்கை!" என்று எழும்பப் பார்த்தாள். அது ஒரு வாத்து. சற்று நேரம் கழித்து மறுபடியும், "அதோ, அதோ!" என்றாள். அது ஒரு தடி. சுழலில் அகப்பட்டு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"முதலிலை குமிழியைப் பாருங்கோ" என்றார் வாகீசன். "அடியிலை இரை தேடேக்கை குமிழி வரும். அது போற பக்கமெல்லாம் குமிழியும் நடந்து போகும். பிறகுதான் தலை தெரியும்."

அவள் குமிழிகளைத் தேடினாள். மனம் மட்டும் தண்ணீரில் நிற்கவில்லை. இந்நேரம் ஆரபி புரண்டு படுப்பாள். இந்நேரம் அலாரம் அடிக்கும். அலாரச் சத்தம்தான் சில வேளைகளில் வலிப்பைக் கொண்டுவந்து விடுகிறது என்று டொக்டர் சொன்னாரே. எந்தத் தலையணையில் படுத்தாள், மென்மையானதா, கடினமானதா? கட்டில் ஓரத்தில் அந்தச் சின்ன மேசை இன்னும் நிற்கிறதா? வெளிக்கிடும்போது அதை நகர்த்தி வைக்க மறந்துவிட்டேனே.

"வந்திட்டுது" என்றார் வாகீசன், உதடு அசையாமல்.

நடு ஆற்றில் பழுப்பு நிறத்தில் ஒன்று தட்டையாக மிதந்தது. ஈரக் கம்பளித் துண்டு மாதிரி. ஒரு முனையில் அகன்ற சொண்டு. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கணம் முதுகை வளைத்து உள்ளே போய்விட்டது. வட்டமாக ஒரு அலை மட்டும் மிச்சம்.

அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. தாங்க முடியாமல் மூச்சை விட்டபோது சற்றுத் தள்ளி அந்தத் தலை மறுபடி தெரிந்தது.

"கண்டீங்களோ, நான் பாத்த இடத்திலை வரேல்லை!"

"வராது."

மறுபடி உள்ளே போனது. மறுபடி அவள் மூச்சைப் பிடித்தாள். விழுந்து கிடந்த மரத்துக்கு இப்பால் வந்தது. இன்னொருமுறை உள்ளே போனது.

இந்த முறை வரவில்லை.

அவள் மேலும் கீழும் பார்த்தாள். வலமும் இடமும் பார்த்தாள். "ஐயா, எங்கை?"

"வேறை எங்கையாவது வந்திருக்கும்."

"நான் எல்லா இடமும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

"பேசாமல் இருங்கோ அக்கா. வரும்."

வாகீசன் பாதிக் கண்களை மூடி, முழங்காலில் கைகளை வைத்து, பாறையைப் போலவே இருந்தார். அந்த அமைதியைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவருக்கென்ன, இவருக்குப் பிள்ளை இருக்கிறதா?

விழுந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே குமிழிகள் வந்தன. ஒரு கொத்து. பிறகு இன்னொரு கொத்து. அவள் பார்த்தாள். அவை அதே இடத்தில்தான் வந்தன.

"ஐயா. குமிழி நடக்கும் எண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"இது நடக்கேல்லை."

வாகீசன் கண் திறந்து பார்த்தார். "அது சேத்துக் காத்து, அக்கா. அடியிலை இலை அழுகினால் அப்பிடி வரும்."

"இல்லை."

"அக்கா, மனம் பதறினால் எல்லாம் அப்பிடித்தான் தெரியும். கொஞ்சம்..."

"இல்லை எண்டுறன்! கயிறு ஒண்டு ஆடுது. பாருங்கோ, அந்த வேரிலை, நீலக் கயிறு. தம்பி, அது இழுபடுது!"

அவர் எழும்புவதற்குள் அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

குளிர் முழங்காலில் அடித்து, தொடையில் அடித்து, இடுப்பில் மூச்சை நிறுத்தியது. அவள் நிற்கவில்லை. மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டு கயிற்றை எட்டி இழுத்தாள். அசையவில்லை. மரத்தடியில் எங்கோ சிக்கியிருந்தது. உள்ளே எதுவோ கயிற்றை உதறியது. அந்த உதறல் அவளுடைய உள்ளங்கைக்கு வந்தது. பிறகு உதறல் நின்றது.

"தம்பி! கெதியா!"

வாகீசன் அவளுக்குப் பக்கத்தில் மூழ்கினார். மூழ்கி எழுந்து, மறுபடி மூழ்கினார். திடீரென்று கயிறு தளர்ந்து, அவள் பின்னால் விழப் பார்த்தாள். வலைக்கூடு ஒன்று மேலே வந்தது. ஆற்று இறால் பிடிக்க யாரோ வைத்த கூடு. உள்ளே போக வாய் உண்டு, வெளியே வர வழி கிடையாது. இறால் அதற்குள் நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும். மூச்செடுக்க மேலே வரவேண்டிய பிராணி கிடக்காது. அதனால்தான் அந்த ஊரில் அதைத் தடை செய்திருந்தார்கள்.

கூட்டுக்குள் இரண்டு இறால்களும், பழுப்பு நிறத்தில் ஒரு சுருண்ட பந்தும் இருந்தன. பந்து அசையவில்லை.

கரைக்கு இழுத்து வந்தார்கள். வாகீசனுடைய விரல்கள் விறைத்துவிட்டன. கார்ச் சாவியால் வலையைக் குத்திக் கிழித்தார். சாவி இரண்டு தடவை சேற்றில் விழுந்தது.

"பின்காலைத் தொடாதேங்கோ. ஆணெண்டால் நஞ்சு முள் இருக்கும்."

அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து அந்தச் சிறிய உடம்பைச் சுற்றி எடுத்தாள். எத்தனையோ விடியல்களில் மகளைப் புரட்டிய கைகள் அவை. நிதானமாகப் பக்கவாட்டில் கிடத்தின. தலையைச் சற்றுத் தாழ்த்தின. சொண்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்தது.

"அது செத்துப்போச்சு அக்கா" என்றார் வாகீசன் மெதுவாக.

"பொறுங்கோ."

"அக்கா..."

"பொறுங்கோ எண்டு சொன்னனான்."

அவள் துணியால் அதன் விலாவை மேலும் கீழும் தடவினாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு எதுவும் இல்லை. பிறகு விலா ஒருமுறை உள்ளே போனது. நின்றது. மறுபடி போனது. ரோமத்துக்குள் புதைந்திருந்த, மிளகளவான ஒரு கண் திறந்தது.

கனகாம்பிகை அழுதாள். அழுதுகொண்டே, "குளிருது போலை இருக்கு இதுக்கு. காருக்குக் கொண்டுபோவம். ஹீற்றர் போடுவம்" என்றாள்.

"முழிச்சிட்டுது, அக்கா. விடுங்கோ."

"இப்பதானே சாகப் பாத்தது! திரும்பத் தண்ணிக்குள்ளயோ?"

"வேறை எங்கை விடுறது?"

"கொஞ்ச நேரம். மூச்சுச் சீராகட்டும்."

அவள் துணியை இறுக்கினாள். உள்ளே அந்த உடம்பு திமிறியது. சிறிய உடம்புதான், ஆனால் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அவள் கை விட்டதா, அது நழுவியதா, அவளுக்கே தெரியாது. சேற்றில் வயிறு தேய இரண்டு எட்டு வைத்து, தண்ணீருக்குள் போய்விட்டது.

இருவரும் நின்று பார்த்தார்கள். தலை தெரியவில்லை. தூரத்தில் ஒரு அலை எழுந்தது. அது வாத்தாகவும் இருக்கலாம்.

"மேலை வந்திருக்குமோ?"

"தெரியாது, அக்கா."

"பிழைக்குமோ?"

"அதுவும் தெரியாது."

கிழிந்த வலைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு பாலத்தருகே ஏறி வந்தார்கள். காரில் கிடந்த கம்பளியை வாகீசன் அவள் தோளில் போட்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீரில் இறங்குமுன் பாறையில் எறிந்துவிட்டுப் போன போனை இப்போது கையில் பிடித்து, கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது. கூடவே செய்தியும் வந்தது.

'அம்மா, எழும்பேக்கை வந்தது. சின்னன்தான். கட்டிலிலைதான் கிடந்தனான். இப்ப ஓகே. தேத்தண்ணி ஊத்திறன். ஓடி வராதேங்கோ.'

அவள் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு பாதையோரத்தில், ஈர உடுப்போடு, புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்திருக்கு" என்றாள். "நான் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கு."

வாகீசன் போனை வாங்கி வாசித்தார். திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு எதிரே அவரும் உட்கார்ந்தார்.

"நான் அங்கை நிண்டிருந்தால்..."

"என்ன செய்திருப்பீங்கள்?"

"பக்கமாத் திருப்பிக் கிடத்தியிருப்பன்."

"பிறகு?"

"நேரத்தைப் பாத்துக்கொண்டு பக்கத்திலை இருந்திருப்பன்."

"பிறகு?"

"எழும்பினதும் தேத்தண்ணி ஊத்திக்..."

அவள் நிறுத்தினாள். பாலத்தின் மேல் ஒரு லொறி போயிற்று.

"அப்ப நான் தேவையில்லை எண்டுறீங்களோ?" அவளுடைய குரல் உயர்ந்தது. "பாக்காமல் இருக்கப் பழகு எண்டு சொல்லத்தானே இங்கை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? நான் பாக்காமல் இருந்திருந்தால் இண்டைக்கு என்ன நடந்திருக்கும்? நீங்கள் சேத்துக் காத்து எண்டு சொல்லிப்போட்டு இருந்தனீங்கள்!"

"ஓம்" என்றார் வாகீசன். "நான் பாக்கேல்லை. நீங்கள் இல்லாட்டில் அது செத்திருக்கும்."

அவர் அப்படி உடனே ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கோபம் போக இடமில்லாமல் நின்றது.

"அப்ப சொல்லுங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு, தம்பி. அவளைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறீங்களோ, விடச் சொல்லுறீங்களோ?"

வாகீசன் எழும்பினார். கால்சட்டையின் நுனியைப் பிழிந்தார். சேற்றுத் தண்ணீர் சப்பாத்தில் வடிந்தது.

"நாங்கள் மற்றக் கரையை இன்னும் பாக்கேல்லை, அக்கா. ஒரு கூடு வைச்சவன் ஒண்டோடை விட்டிருக்க மாட்டான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிழிந்த கூட்டைக் காரின் பின்பக்கத்தில் போட்டு, ஓங்கி மூடினார்.

சற்று நேரம் கழித்து அவள் போனை எடுத்தாள். விறைத்த விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள்.

'அந்த வீட்டுக் குளியலறைக் கதவு உள்ளுக்காலை பூட்டுறதோ? கூட இருக்கிற பிள்ளைக்கு உன்னைப் பக்கமாத் திருப்பிக் கிடத்தத் தெரியுமோ? தெரியாட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா. நான் காட்டித் தாறன்.'

அனுப்பும் இடத்தின் மேல் விரல் நின்றது. பிறகு அழுத்தினாள். உடனே பயம் வந்து பிடித்துக்கொண்டது.

"ஐயா, அவள் கோவிப்பாளோ?"

வாகீசன் பாலத்தின் மேல் பாதி தூரம் போய்விட்டிருந்தார். அங்கிருந்தே திரும்பிச் சொன்னார்.

"கோவிக்கட்டும் அக்கா. முதல் காருக்குள்ளை காஞ்ச உடுப்பு ஏதும் கிடந்தால் போட்டுக்கொண்டு வாங்கோ. மற்றக் கரையிலை நீங்கள் மேலையிருந்து கூடு பாத்துக்கொண்டு வாங்கோ, நான் கீழையிருந்து வாறன்."